ஹைலக்ஸின் பின்னால் எத்தனை பட்டை?

பூசைக்குப் போகும்போது எந்தச் சிக்கலும் இல்லை. திரும்பி வரும்போதுதான் வண்டி கால்வாயில் இறங்கியது.

சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டத்தில் இப்போது லயம் இல்லை. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு குடும்பங்கள் ஈப்போ, செம்மோர், பட்டர்வொர்த் என்று சிதறிவிட்டன. கோயில் மட்டும் மிச்சம். வருடத்துக்கு ஒருமுறை முனியாண்டி பூசைக்கு எல்லாரும் கூடுவோம். தங்க வீடு கிடையாது என்பதால் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்குவதுதான் பழக்கம். கூடாரங்கள், மடக்குக் கட்டில், ஜெனரேட்டர், குளிர்பெட்டி, கேஸ் தோம்பு, இரண்டு பெரிய அண்டா, தண்ணீர்த் தோம்புகள் எல்லாம் எங்கள் பழைய ஹைலக்ஸில்தான் போகும்.

வண்டியின் பின்புறம் தொங்க ஆரம்பித்திருந்தது. பூசைக்கு முந்திய மாதம் ஒரு பட்டறையில் காட்டினேன். “இவ்ளோ சாமான் ஏத்துறீங்களே, ஹெவி டியூட்டி போட்டுருங்க தம்பி, பத்து வருஷத்துக்குக் கவலையில்ல” என்றார்கள். பின்னால் தடித்த பட்டைகள் வந்து உட்கார்ந்தன. வண்டி சிங்கம் மாதிரி பின்னால் நிமிர்ந்து நின்றது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பூசை முடிந்து சாமான்களில் பாதியை வேறொரு லோரியில் ஏற்றிவிட்டோம். ஹைலக்ஸில் நானும் தம்பியும் மட்டும். மழை பெய்து ஓய்ந்த செம்மண் சாலை, ஒரு வளைவு, வளைவில் வரிவரியாகப் பள்ளம். வேகம் நாற்பதுகூட இருக்காது. பின்சக்கரங்கள் தட்தட்டென்று குதித்தன. அடுத்த நொடி வண்டியின் வால் பக்கவாட்டில் போனது. தம்பிக்கு நெற்றியில் மூன்று தையல். கால்வாய்க்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்காக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா தெரியவில்லை.

தோட்டத்து லோரிகளை முப்பது வருடம் பழுது பார்த்த மாமா ஒருவர் எங்கள் குடும்பத்தில் உண்டு. வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். “பாரத்த ஏத்திக்கிட்டு ஓடுறது ரெண்டு நாளு. மிச்ச நாளு காலி வண்டி. நீ யாருக்கு ஸ்பிரிங் போட்ட?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வண்டியில் எவ்வளவு பாரம் ஏற்றுகிறோம் என்பதே எனக்குத் தெரியாது. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்தவன் நான்!

ஐந்தாம் படிவ இயற்பியலின் முதல் அத்தியாயத்திலேயே ஹூக் விதி வந்துவிடுகிறது. இழுத்த அளவுக்கு ஏற்ற விசை. ராபர்ட் ஹூக் இதை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையைச் சொன்னார். யாரும் தமக்கு முன்னால் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்ற கவலை. நாமோ சோதனைக்கூடத்தில் ஒரு சுருள் கம்பியில் ஐம்பது கிராம் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, வரைபடம் கீறி, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அதே சோதனையை மாமா வண்டியில் செய்யச் சொன்னார். எடைக்கற்களுக்குப் பதில் 50 கிலோ உர மூட்டைகள்.

முதலில் பழைய பட்டைகளைத் திரும்ப மாட்டினோம். பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதன் நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளவு நாடாவால் அளந்தோம். அச்சுக்கு நேர் மேலே நான்கு மூட்டை, அதாவது 200 கிலோ வைத்ததும் வண்டி 29 மில்லிமீட்டர் இறங்கியது. எட்டு மூட்டைக்கு 58. ஹூக் சொன்னது சரிதான் என்று சிரித்துக்கொண்டேன். பன்னிரண்டு மூட்டைக்கு 87 வர வேண்டும் அல்லவா? வந்தது 76தான். கோடு அங்கே வளைந்துவிட்டது. ஏனென்று கேட்டபோது மாமா டார்ச் விளக்கை அடியில் காட்டினார். பட்டை அடுக்கின் கடைசியில், மற்றவற்றைப் போல வளையாமல் கிட்டத்தட்ட நேராக ஒரு தடித்த பட்டை இருக்கிறது. பாரம் குறைவாக இருக்கும்போது அதன் நுனிகள் எதையும் தொடுவதில்லை. பாரம் ஏறி மேலே உள்ள பட்டைகள் நிமிர்ந்து வந்து அதன்மேல் படியும்போதுதான் அது வேலைக்கு வருகிறது. துணைப் பட்டை என்பது அதுதான். காலியாக ஓடும்போது மென்மை, பாரத்தில் விறைப்பு. ஒரே அடுக்கில் இரண்டு குணம்.

பிறகு பட்டறையில் போட்ட ‘ஹெவி டியூட்டி’யை மாட்டி அளந்தோம். 200 கிலோவுக்கு 18 மில்லிமீட்டர்தான் இறங்கியது. கணக்குப் போட்டால் பழையதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் விறைப்பு.

இதனால் என்ன ஆகிறது? பாரத்தை ஸ்பிரிங் மேலே தாங்கும் வண்டி, ஒரு தட்டுத் தட்டிவிட்டால் தனக்கென ஒரு வேகத்தில் மேலும் கீழும் ஆடும். விறைப்பை மேலே உள்ள நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் வகுத்தால் நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பது வந்துவிடும். எங்கள் வண்டியின் பின்புறம் காலியாக இருக்கையில் ஸ்பிரிங் தாங்கும் நிறை சுமார் 620 கிலோ. பழைய பட்டையில் நொடிக்கு 1.7 ஆட்டம். புதிய பட்டையில் 2.1. எண்ணில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விறைத்த ஸ்பிரிங் பள்ளத்துக்குள் சக்கரத்தை இறக்கிவிடாது, மேட்டில் ஏறினால் வண்டியையே தூக்கி எறியும். டயர் தரையைத் தொடாத அந்தக் கணத்தில் வளைவு வந்தால் பிடிமானம் எங்கே இருக்கும்? இதோடு அப்சோபரை மாற்றாமல் விட்டுவிட்டேன். பழைய ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க வந்தது அது. புதியதன் துள்ளலை அதால் அடக்க முடியவில்லை.

அடுத்த நாள் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோனோம். செம்பனைக் குலை வாங்கும் இடங்களில் எல்லாம் எடைமேடை இருக்கும். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முழு வண்டியையும் ஒருமுறை, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒருமுறை. காலியாக 1,840 கிலோ. அதில் பின்னச்சில் 790. பூசைக்குப் போவது போல ஐந்து பேரும் எல்லாச் சாமான்களும் ஏறியபோது மொத்தம் 2,520. பின்னச்சில் 1,380. அதாவது ஏற்றிய 680 கிலோவில் 590 கிலோ பின்னச்சிலேயே இறங்கியிருக்கிறது.

முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தும் ஏன் இப்படி? நெம்புகோல்தான் காரணம். இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ 3.1 மீட்டர். 100 கிலோ தண்ணீரைப் பின்னச்சுக்கு 0.8 மீட்டர் பின்னால், கதவோரமாக வைத்தால் பின்னச்சில் ஏறுவது 100 அல்ல, 126 கிலோ. மீதி 26 கிலோ முன்சக்கரத்திலிருந்து தூக்கப்படுகிறது. முன்சக்கரம்தான் வண்டியைத் திருப்புகிறது, பெரும்பங்கு பிரேக்கையும் பிடிக்கிறது. நாங்களோ வருடக்கணக்கில் இறக்க வசதியாக இருக்கும் என்று தண்ணீரையும் ஜெனரேட்டரையும் கதவோரத்திலேயே வைத்து வந்தோம். அவற்றைக் கேபின் சுவரை ஒட்டி முன்னால் தள்ளி, பஞ்சு மெத்தைகளைப் பின்னால் வைத்தோம். காசில்லாமல் செய்த இந்த மாற்றத்திலேயே வண்டியின் தொங்கல் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

இனி எந்த ஸ்பிரிங்? ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஸ்பிரிங் செய்கிறவர்கள் ‘அதிகபட்சம் எவ்வளவு ஏற்றுவாய்?’ என்று கேட்பதில்லை. ‘எப்போதும் வண்டியில் இருப்பது எவ்வளவு?’ என்றுதான் கேட்டு வகை பிரிக்கிறார்கள். பின்னால் மூடி, இழுப்பறைப் பெட்டி, கூரைமேல் கூடாரம் என்று 300 கிலோவை நிரந்தரமாகப் பூட்டி வைத்திருப்பவருக்கு விறைத்த ஸ்பிரிங் தேவை. வாரநாளில் வேலைக்குப் போய்வந்து, வருடத்தில் சில தடவை கோப்பெங் ஆற்றோரமோ பெலும் பக்கமோ போகிறவருக்கு அது தண்டனை. எங்கள் வண்டியில் நிரந்தரமாக இருந்தது ஒரு ஜாக்கியும் ஒரு கயிறும்.

பட்டை சேர்ப்பதும் ஒரு வழி. இருக்கிற அடுக்கில் இன்னொரு பட்டையைச் செருகுவது மலிவு. ஆனால் தடிப்பைப் பார்க்க வேண்டும். விறைப்பு தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. ஒரே நீள அகலமுள்ள 6 மில்லிமீட்டர் பட்டையையும் 8 மில்லிமீட்டர் பட்டையையும் ஒப்பிட்டால் 216க்கு 512. இரண்டே மில்லிமீட்டரில் விறைப்பு இரண்டேகால் மடங்கைத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் ஐந்து பட்டைகளுக்குப் பதில் ஒரே தடித்த பட்டை போதாதா என்று கேட்கலாம். 6 மில்லிமீட்டர் பட்டை ஐந்தின் விறைப்பு 10 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒரே பட்டையில் கிடைத்துவிடும். ஆனால் வளையும்போது தடித்த பட்டையின் வெளிப்பரப்பு மிக அதிகமாக இழுபடுகிறது. அதே அளவு வளைந்தால் தகைவு 1.7 மடங்கு. கொஞ்ச நாளில் வெடிக்கும். நோட்டுப் புத்தகம் எளிதாக வளைகிறது, அதே தடிப்புள்ள அட்டை மடங்கி உடைகிறது. அதே கதைதான்.

‘ஸ்பிரிங் பழசாகி மெத்துனு ஆயிருச்சு’ என்று பட்டறையில் சொல்வார்கள். எஃகின் மீள்தன்மைக் கெழு வயதால் குறைவதில்லை. குறைவது வளைவு. அளவுக்கு மீறிய பாரத்தில் மீள் எல்லையைக் கடந்த பட்டை பழைய வளைவுக்குத் திரும்பாது. அதனால்தான் எங்கள் வண்டி காலியாக நிற்கும்போதே தொங்கியது. அதற்கு மருந்து சரியான வளைவுள்ள புதிய அடுக்கு. விறைப்பைக் கூட்டியது நோயை விட்டுவிட்டு வேறெதற்கோ கொடுத்த மருந்து.

மாமா இன்னொன்றையும் காட்டினார். எங்களுடையதைப் போன்ற பழைய பிக்கப்புகளில், பின்னச்சிலிருந்து ஒரு கம்பி மேலேறிச் சட்டத்தில் உள்ள ஒரு வால்வில் சேர்கிறது. வண்டி தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். உயர்ந்தால் காலி என்று நினைத்துக் குறைக்கும். விறைத்த ஸ்பிரிங் போட்டு வண்டியின் பின்புறத்தை உயர்த்தியபோது அந்தக் கம்பியை யாரும் திருத்தவில்லை. முழுப் பாரத்தோடு சிம்பாங் பூலாய் மலைச்சாலையில் இறங்கியிருந்தால், வால்வு அதைக் காலி வண்டி என்றே எண்ணிக்கொண்டிருக்கும். இதை நினைக்கும்போது கால்வாய் எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது. பின்புறம் உயர்ந்தால் முகப்பு விளக்கும் கீழ்நோக்கிப் பார்க்கும். உயரத்தை மாற்றுவதாக இருந்தால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஜேபிஜேயிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லா பிக்கப்பிலும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் மூன்றிலும் பின்னால் பட்டைகள்தாம். இங்கே ஓடும் நவாராவின் இரட்டைக் கேபின் வகைகள் சிலவற்றில் சுருள் ஸ்பிரிங். வகை எதுவாக இருந்தாலும் கதவோரத் தகட்டில் உள்ள மொத்த எடை வரம்பை எந்த ஸ்பிரிங்காலும் கூட்ட முடியாது. சக்கரம், பிரேக், அச்சு, சட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட எண் அது.

கடைசியில் நாங்கள் போட்டது, அசல் விறைப்பே உள்ள புதிய அடுக்கு, அதன் கீழே ஒரு துணைப் பட்டை, புதிய அப்சோபர், புதிய ரப்பர் புஷ், புதிய யூ போல்ட். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டவே கூடாது என்பதில் மாமா கறாராக இருந்தார். ஒருமுறை முறுக்கியபோது அது இழுபட்டிருக்கும், மறுமுறை அதே பிடி வராது. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முறுக்கச் சொன்னார். முறுக்கினேன், கால் சுற்று இறங்கியது.

ஹெவி டியூட்டி பட்டைகளை காய்கறி ஏற்றும் ஒருவர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். தினமும் தானா ராத்தாவிலிருந்து முழுப் பாரத்தோடு இறங்குகிற அவருக்கு அவை சரியாக இருக்கும். தொங்கிப்போன பழைய பட்டைகளில் நீளமான ஒன்றை மாமா எடுத்துக்கொண்டு போனார். கொல்லரிடம் கொடுத்துப் பாராங் அடித்து வந்திருக்கிறார். அடுத்த பூசைக்குக் கோயிலைச் சுற்றிப் புல் வெட்ட.