எட்டு மணி நேரம் வேகட்டும் மட்டன்

வேலை நாளில் மட்டன் குழம்பா? கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் இந்தக் கேள்விக்கு வழக்கமான பதில், “ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்” என்பதுதான். மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, வெங்காயம் நறுக்கி, மசாலா வதக்கி, கறி வேகும்வரை காத்திருந்தால் பிள்ளைகள் தூங்கும் நேரம் வந்துவிடும். அதனால், வரும் வழியில் உணவங்காடி நிலையத்தில் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொள்வது பழக்கமாகிவிடுகிறது.

இதற்கு உதவக்கூடிய ஒரு சாதனம் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. குழந்தைக்குக் கஞ்சி வைக்க வாங்கியதாக இருக்கலாம், புதுமனை புகுவிழாவுக்கு யாரோ பரிசளித்ததாக இருக்கலாம். அதுதான் ஸ்லோ குக்கர். ஒருமுறை அதில் மட்டன் வைத்து, “தண்ணியா இருக்கு, மசாலா வாசனையே போகல” என்று அம்மா சொன்ன பிறகு, அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிருக்கும்.

பெரும்பாலும் குறை அந்தப் பானையில் இல்லை. பிரஷர் குக்கருக்குப் பழகிய கையோடு நாம் அதைப் பயன்படுத்துகிறோம். அதன் குணம் தெரிந்தால், செவ்வாய்க்கிழமை இரவிலும் எலும்பிலிருந்து கழன்று விழும் பதத்தில் மட்டன் சாப்பிடலாம்.

ஓய்வு நாளுக்காக வெந்த குழம்பு

ஸ்லோ குக்கரின் கதை யூதர்களின் ஓய்வு நாளோடு தொடர்புடையது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தபின் அவர்கள் தீ மூட்டக்கூடாது. அதனால் இறைச்சி, பயறு, உருளைக்கிழங்கு சேர்த்த ‘சோலன்ட்’ எனும் குழம்பை முன்னதாகவே அடுப்பில் வைத்துவிடுவார்கள். லித்துவேனியாவில் தம் ஊர்க்காரர்கள் அந்தப் பானைகளை ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துவிட்டு வருவார்கள் என்றும், அணைத்த அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே அவை இரவெல்லாம் வேகும் என்றும் ஒரு தாய் தம் மகனிடம் சொன்னார். அந்த மகன்தான் அமெரிக்கப் பொறியாளர் இர்விங் நாக்சன். சூடு பானையைச் சுற்றிலும் பரவும்படி அவர் வடிவமைத்த மின்சாரப் பானைக்கு 1940இல் காப்புரிமை கிடைத்தது.

1970இல் ரைவல் நிறுவனம் அவருடைய நிறுவனத்தை வாங்கி, அடுத்த ஆண்டே ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் அந்தப் பானையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குச் செல்லும் பெண்கள் பெருகிய காலம் அது. காலையில் வைத்துவிட்டுப் போனால் மாலையில் உணவு தயார் என்பதே அதன் விற்பனைக்கு உதவியது. அமெரிக்கர்கள் அதில் விரும்பிச் செய்யும் மாட்டிறைச்சி ‘பாட் ரோஸ்ட்’டுக்கும், நம் பாட்டிமார் மண்சட்டியைத் தணலில் விட்டு வைத்த கறிக்குழம்புக்கும் அடிப்படை ஒன்றுதான். முரட்டுக் கறி, மூடிய பானை, மெல்லிய சூடு.

குக்கர் வேறு, இது வேறு

பிரஷர் குக்கரின் உள்ளே சூடு சுமார் 120 டிகிரி செல்சியசுக்குப் போகும். ஸ்லோ குக்கர் கொதிநிலையான 100 டிகிரியை நெருங்குமே தவிரத் தாண்டாது. பல பானைகளில் ‘லோ’, ‘ஹை’ இரண்டும் கடைசியில் ஏறத்தாழ ஒரே சூட்டுக்குத்தான் வந்து சேரும். எவ்வளவு விரைவில் வந்து சேரும் என்பதில்தான் வேறுபாடு.

கறியை முரடாக்குவது கொல்லாஜன் எனும் இணைப்புத் திசு. நீர்ப்பசையோடு நீண்ட நேரம் சூடு பட்டால் அது கரைந்து ஜெலட்டினாக மாறும். குழம்புக்கு வழவழப்பான கெட்டித்தன்மை தருவது அதுதான். அதிகம் உழைக்கும் தசைகளில் கொல்லாஜன் கூடுதலாக இருக்கும். எனவே கடைக்காரரிடம் கால், தோள், கழுத்துப் பகுதிகளை எலும்போடு கேளுங்கள். கொழுப்பு நீக்கிய மெல்லிய கறி எட்டு மணி நேரத்தில் சக்கையாகிவிடும். மாட்டிறைச்சி சாப்பிடும் வீடுகளில் தோள் அல்லது மார்புப் பகுதி பொருந்தும்.

இன்னும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. ஒன்று, மூடிய பானையிலிருந்து நீராவி அதிகம் வெளியேறாது. வெங்காயம், தக்காளி, கறி விடும் நீர் எல்லாம் உள்ளேயே நிற்கும். வழக்கம்போல் இரண்டு கப் தண்ணீர் ஊற்றினால் குழம்பு ரசமாகிவிடும். மற்றொன்று, இந்தச் சூட்டில் எதுவும் வதங்காது, சிவக்காது. மசாலாவைப் பச்சையாகப் போட்டால் பத்து மணி நேரம் ஆனாலும் பச்சை வாசனை போகாது. எனவே வதக்கும் வேலையை அடுப்பில்தான் செய்யவேண்டும்.

தேவையானவை

நான்கைந்து பேருக்கு, 3.5 முதல் 4.5 லிட்டர் பானைக்கான அளவு இது.

எலும்புடன் மட்டன் 1 கிலோ (5 செ.மீ. துண்டுகள்), பெரிய வெங்காயம் 3, தக்காளி 2, உருளைக்கிழங்கு 3, இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக்கரண்டி, கறி மசாலாத் தூள் 3 மேசைக்கரண்டி, மிளகாய்த் தூள் 1 தேக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, பட்டை சிறு துண்டு, கிராம்பு 2, ஏலக்காய் 2, கறிவேப்பிலை, உப்பு, தண்ணீர் அரை கப், கெட்டித் தேங்காய்ப்பால் அரை கப்.

பட்டை, கிராம்பின் அளவு குறைவாகத் தோன்றலாம். நீண்ட நேரம் ஊறுவதால் அவற்றின் காரம் தூக்கலாக இறங்கும்.

முதல் நாள் இரவு

எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது, தூள்களைச் சேர்த்து வாசனை வரும்வரை கிளறி, தக்காளி போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்கி இறக்குங்கள். சூடு தணிந்ததும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். கறியைக் கழுவி, உப்பும் மஞ்சளும் பிசறித் தனிப் பாத்திரத்தில் மூடிக் குளிரில் வையுங்கள். கறியை அரைகுறையாக வதக்கி வைக்கவேண்டாம். பாதி வெந்த இறைச்சியில் கிருமி பெருக வாய்ப்பு அதிகம்.

காலையில்

உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி அடியில் பரப்புங்கள். இந்தப் பானையில் கிழங்கு கறியைவிட மெதுவாக வேகும், சூடோ அடியிலும் பக்கத்திலும்தான் அதிகம். அதன்மேல் கறியை வையுங்கள். மசாலாவை அரை கப் தண்ணீரோடு அடுப்பில் கொதிக்கவிட்டு, சூடாகவே ஊற்றி மூடுங்கள். ‘லோ’வில் 8 மணி நேரம், ‘ஹை’யில் 4 முதல் 5 மணி நேரம். மூடியைத் திறந்து திறந்து பார்க்கவேண்டாம். ஒவ்வொரு முறையும் இழந்த சூடு திரும்ப 20 நிமிடமாவது பிடிக்கும்.

மாலையில் தேங்காய்ப்பால் ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். கொத்தமல்லித் தழையும் கடைசியில்தான்.

காலை எட்டுக்குக் கிளம்பி மாலை ஏழுக்குத் திரும்புவோருக்கு அது 11 மணி நேரம். நேரம் முடிந்ததும் தானாகவே ‘வார்ம்’ நிலைக்கு மாறும் பானை அவர்களுக்கு ஏற்றது. திருகு மட்டும் உள்ள பழைய பானை என்றால் இரவு பத்து மணிக்கு வைத்துவிடலாம். விடிந்ததும் குழம்பை ஆழமில்லாத பாத்திரங்களுக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இரவில் அடுப்பில் நன்கு கொதிக்கவைத்துப் பரிமாறலாம். விடியுமுன் வானொலி நிலையத்துக்குக் கிளம்பும் எனக்கு வசதியானது இந்த முறைதான்.

மின்சாரச் செலவு பற்றிக் கவலை வேண்டாம். பானையின் அடியில் 200 வாட் என்று இருந்தால், 8 மணி நேரத்துக்கு அதிகபட்சம் 1.6 அலகுதான்.

கவனம் தேவை

மெதுவாகச் சூடேறுவதுதான் இந்தப் பானையின் பலம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த எல்லையை உணவு சீக்கிரம் தாண்டவேண்டும்.

* உறைந்த கறியை அப்படியே போடாதீர்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்து, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் முழுதாக இளகவிடுங்கள். 1 கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும்.

* பானையில் பாதிக்குக் குறையாமலும், முக்கால் பங்கைத் தாண்டாமலும் நிரப்புங்கள்.

* பச்சைக் கறியைப் போட்டுவிட்டு, சில மணி நேரம் கழித்துத் தொடங்கும்படி டைமர் வைக்காதீர்கள்.

* நீங்கள் வெளியே இருந்தபோது மின்சாரம் நின்று, எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் உணவைக் கொட்டிவிடுங்கள்.

* மிஞ்சிய குழம்பைச் சூடாக்க ஸ்லோ குக்கர் வேண்டாம். அடுப்பில் கொதிக்கவையுங்கள்.

* ராஜ்மா எனும் சிவப்பு பீன்ஸ் விதையை ஊறவைத்து நேராக இதில் போடவே கூடாது. அதிலுள்ள ஒரு நச்சுப் பொருள் 80 டிகிரி அளவிலான சூட்டில் அழியாது, வீரியம் கூடவும் செய்யலாம். அரைவேக்காட்டில் நான்கைந்து விதைகளே கடும் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரக்கூடும். 5 மணி நேரத்துக்குமேல் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுநீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே பானைக்கு வரவேண்டும்.

நேரம் மிச்சமா?

இந்தப் பானை சமையல் நேரத்தைக் குறைப்பதில்லை. வெங்காயம் நறுக்கவேண்டும், மசாலா வதக்கவேண்டும், பாத்திரம் கழுவவேண்டும். ஆனால், அந்த வேலை களைத்துப்போன மாலை ஏழு மணியிலிருந்து முதல் நாள் இரவுக்கு மாறுகிறது. அதைப் பங்குபோடுவதும் எளிது. ஒருவர் இரவில் வதக்கி வைக்கலாம், இன்னொருவர் காலையில் பானையை நிரப்பலாம், முதலில் வீடு திரும்பும் பிள்ளை அரிசி களைந்து போடலாம். யாரும் அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை என்பதால் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

இந்த வாரக் கடைசியில், வீட்டில் இருக்கும் ஒரு நாளில் முதலில் செய்து பாருங்கள். உங்கள் பானை எத்தனை மணி நேரத்தில் கறியை மசிய வேகவைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை நாளிலும் நம்பி வைத்துவிட்டுப் போகலாம்.