கொழுப்பைக் குறைத்தால் சர்க்கரை ஏறுமா?

கொலஸ்ட்ரால் குறைய ஸ்டாடின் மாத்திரை சாப்பிடும் சிலருக்குச் சர்க்கரை லேசாக ஏறுகிறது. 2008இல் வெளிவந்த ஜூபிடர் ஆய்வில் இது பளிச்சென்று தெரிந்தது. 17,802 பேரில் பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாடின், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களில் 270 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. மற்றவர்களில் 216 பேருக்கு. 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பிலேயே சேர்க்கச் சொன்னது.

ஏன் இப்படி? கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியை ஸ்டாடின் தடுக்கிறது. தட்டுப்பாடு வந்ததும், இரத்தத்தில் ஓடும் எல்டிஎல் கொழுப்பை உள்ளே இழுக்கும் ஏற்பிகளைக் கல்லீரல் கூடுதலாக முளைக்க விடுகிறது. அதனால்தான் இரத்தத்தில் கொழுப்பு குறைகிறது. அந்த நொதி பிறவியிலேயே சற்று மந்தமாக உள்ளவர்கள் உண்டு. மாத்திரையையே தொடாத அவர்களுக்கும் எல்டிஎல் குறைவு, உடல் எடையும் சர்க்கரை நோய் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். ஆக, கொழுப்பு குறையும் வழியிலேயே சர்க்கரையும் ஏறுகிறது.

இதன் மறுபக்கம் இன்னும் வியப்பானது. எல்டிஎல் ஏற்பி பழுதாகிப் பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் எகிறிக் கிடக்கும் குடும்பங்களை நெதர்லாந்தில் ஆராய்ந்தார்கள். அந்தப் பழுது உள்ளவர்களில் 1.75 சதவீதம் பேருக்கே சர்க்கரை நோய். பழுதில்லாத உறவினர்களில் 2.93 சதவீதம். இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களிலும் இதே ஏற்பிகள் இருக்கின்றன. அவை வழியே உள்ளே சேரும் கொழுப்பு அந்தச் செல்களைச் சோர்வடையச் செய்கிறதோ என்பது ஆய்வாளர்களின் சந்தேகம்.

ஏற்றம் எவ்வளவு? மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி சராசரியாக 0.1கூட உயர்வதில்லை. ஆனால் ஏற்கெனவே 6.4இல் நிற்பவருக்கு அந்தத் துளியே போதும், 6.5ஐத் தொட்டதும் சர்க்கரை நோயாளி என்று எழுதிவிடுவார்கள். புதிதாக நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இப்படிப் பார்டரில் இருந்தவர்களே. அவர்கள் மாத்திரை தொடங்கும் முன்பே சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. 13 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் ஒரு கணக்கு போட்டார்கள். 255 பேர் 4 ஆண்டுகள் ஸ்டாடின் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை வருகிறது. அதே 255 பேரில் சுமார் 5 பேர் மாரடைப்பிலிருந்தோ இதய நோய் மரணத்திலிருந்தோ தப்புகிறார்கள். சர்க்கரை நோயாளிகளைக் கொல்வதில் இதய நோய்க்கே முதலிடம் என்பதால், நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இதே மாத்திரையைத்தான் எழுதித் தருகிறார்கள்.