கண்ணாடியில் ஒரு முகம்

இது ரம்புத்தான், மங்குஸ்தான் பழங்களை வரைந்த ஓர் ஓவியரின் கதை.

ஜார்ஜெட் சென், சீனக் குடும்பத்துப் பெண். வளர்ந்தது பெரும்பாலும் பாரிஸில், ஓவியம் படித்தது நியூயார்க்கிலும் பாரிஸிலும். 1930இல் பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவர் ஓவியம் இடம்பெற்றது. கணவர் யூஜின் சென் சீனாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். யூஜின் பிறந்தது கரீபியக் கடலின் டிரினிடாட் தீவில்! இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியர் கணவன் மனைவி இருவரையும் வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1944இல் கணவர் இறந்தார்.

அதன்பின், 1946 வாக்கில், ஜார்ஜெட் தன் முகத்தையே வரைந்தார். ஒரு நோட்டுப் புத்தக அளவுதான் இருக்கும். அழகு காட்டும் எண்ணமே அதில் இல்லை. இறுகிய உதடு, அசையாத பார்வை. எந்த நாட்டுக்காரி என்று கேட்பவரை அந்தக் கண்கள் திருப்பிக் கேள்வி கேட்கும்.

பிறகு பினாங்கு, அங்கிருந்து சிங்கப்பூர். 1954 முதல் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியர். மலாய் கற்றார், 'செந்தானா' என்று மலாய்ப் பெயரும் வைத்துக்கொண்டார். 1982இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் பெற்றார், 1993இல் மறைந்தார்.

நம் நாட்டு ஓவியர் அம்ரிதா ஷெர்கில்லும் அதே பாரிஸில் படித்தவர்தான். புடாபெஸ்டில் பிறந்த அவரும், 1934இல் தன்னையே ஒரு தாஹிதிப் பெண்ணாக வரைந்தார்.

ஜார்ஜெட்டின் அந்தச் சுய ஓவியம் இன்று சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளில் பார்த்துவரலாம்.