செல்போன்ல இருக்கிற படம் பத்திரமா இருக்கா?



நம் குழுக்களில் தீர்மான நோட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் வேலை செய்வது இப்போது செல்போன் கேமராதான். வங்கிப் பாஸ்புக், ரேஷன் கார்டு, கட்டுகிற வீட்டின் அஸ்திவாரம், கடனில் வாங்கிய தையல் மெஷினின் பில், பேத்தியின் காதுகுத்து என்று எல்லாம் ஒரே போனுக்குள் கிடக்கின்றன. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் களப்பணிக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "அந்தப் படம் போன்லதாங்க இருந்துச்சு, போன் போச்சு."

போன் போவதற்கு நம் ஊரில் காரணமா இல்லை? கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு மலைமழை. நாற்று நடுகிறவர்களுக்கு வயல் சேறு. வீட்டில் இருப்பவர்களுக்குப் பிள்ளைகள் கை.

சும்மா ஆசைக்கு எடுத்த படம் போனால் மனசுதான் வலிக்கும். ஆனால் சில படங்கள் பணம். கறவை மாட்டுக்குக் காப்பீடு செய்யும்போது காதுவில்லையோடு சேர்த்துப் படம் எடுக்கிறார்கள். மாடு இறந்துபோனால் முதலில் கேட்பது அந்த வில்லையைத்தான். மாட்டின் முகம், உடம்பு, வில்லையில் உள்ள எண் எல்லாம் தெளிவாகத் தெரிகிற படம் தேதியோடு நம் கையிலும் இருந்தால், "இது அந்த மாடு இல்லை" என்ற பேச்சு வரும்போது பதில் சொல்லலாம். அந்தப் படம் ஒரே ஒரு போனில் மட்டும் இருந்தால் இருக்கிறது என்று கணக்கில் எடுக்க முடியாது. சேமிப்புப் பணத்தை மட்டும் வங்கியில் போட்டுவிட்டு ஆதாரத்தைச் சேலை முந்தானையில் முடிந்து வைத்த மாதிரிதான்.

இரண்டாவது இடமாகப் பலரிடமும் ஏற்கெனவே இருப்பது கூகுள் போட்டோஸ். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் வாங்கும்போதே இருக்கும். அதைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டால் 'பேக்கப்' ஓடுகிறதா இல்லையா என்று காட்டும். ஓடவில்லை என்றால் இயக்கிவிடுங்கள். வைஃபை இருக்கும் இடத்தில் செய்தால் நெட் காலியாகாது. 2021 ஜூன் 1 வரை படங்களைச் சுருக்கி வைக்கச் சம்மதித்தால் அளவே இல்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. இப்போது ஒரு கணக்குக்கு 15 ஜிபிதான் இலவசம், அதையும் ஜிமெயிலும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு படம் 4 எம்பி என்று வைத்தால் ஏறக்குறைய 3,700 படம். வீடியோ ஏற்றினால் சீக்கிரம் நிறைந்துவிடும்.

இதில் மூன்று விஷயத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். முதலாவது, பேக்கப் போட்டாச்சு என்றால் போனில் உள்ள எல்லாப் படமும் ஏறும் என்ற நினைப்பு. கேமராவில் எடுத்தது மட்டும்தான் தானாக ஏறும். வாட்ஸ்அப்பில் வந்தது வேறு கோப்புறையில் இருக்கும், அதற்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். ஊக்குநர் அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடன் ஒப்புதல் கடிதம் ஏறியிருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், திறந்து பாருங்கள்.

இரண்டாவது, அழிப்பது. "கூகுள்ல ஏறிடுச்சு, போன்ல அழிச்சிடலாம்" என்று கூகுள் போட்டோஸுக்குள்ளேயே குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் போனிலும் போகும், கூகுளிலும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கென்றே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனிப் பொத்தான் இருக்கிறது. தெரியாமல் அழித்துவிட்டாலும் பதற வேண்டாம். பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கிடைக்காது.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். அந்தக் கணக்கு யாருடையது? போன் வாங்கிய கடையிலேயே தம்பி ஒருவர் ஜிமெயில் போட்டுக் கொடுத்திருப்பார். பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று நமக்குத் தெரியாது. போன் ஓடுகிற வரை ஒன்றும் தெரியாது. போன் உடைந்து புதுசு வாங்கினால் பாஸ்வேர்டு கேட்கும், நாம் முழிப்போம். படம் கூகுளில் பத்திரமாக இருந்தும் நமக்கு உதவாது. பாஸ்புக் இல்லாத வங்கிக் கணக்கு! இன்றைக்கே உங்கள் மகளையோ பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணையோ கூட வைத்துக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றி, மீட்பதற்கான எண்ணாக உங்கள் சொந்த நம்பரைக் கொடுத்து, நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை அழித்துவிடலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. ஆகவே பழைய போனோடு மறந்துபோன கணக்கையும் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

குழுவின் படங்களுக்கு இது மட்டும் போதாது. தீர்மான நோட்டுப் பக்கங்கள், தணிக்கை அறிக்கை, பயிற்சிப் படங்கள் ஆகியவை ஒரு பிரதிநிதியின் சொந்தக் கணக்கில் இருந்தால், அடுத்த வருடம் பிரதிநிதி மாறும்போது சிக்கல் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடிஜி பென் டிரைவில் நகல் எடுத்துக் கூட்டமைப்பு அலுவலகக் கணினியிலும் போட்டு வைப்பது நல்லது. பென் டிரைவும் கெட்டுப்போகும் பொருள்தான், அதை மட்டும் நம்பக் கூடாது.

கணினியில் போடும்போது கோப்புறைக்கு ஆண்டு, மாதம், குழு, நிகழ்ச்சி என்று பெயர் வையுங்கள்: '2024-03 மல்லிகை குழு தணிக்கை' என்பது போல. இதை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், ஒரு காலத்தில் பல அலுவலகங்களில் பிகாசா என்ற மென்பொருளில்தான் படங்களை ஆல்பம் ஆல்பமாக அடுக்கி வைத்திருந்தார்கள். அருமையான மென்பொருள்தான். 2016-ல் கூகுள் அதை நிறுத்திவிட்டது. படங்கள் கணினியில் அப்படியே இருந்தன, ஆனால் மென்பொருளுக்குள் போட்ட ஆல்பம் பிரிப்பு மற்ற மென்பொருள்களுக்குப் புரியவில்லை. கோப்புறைக்கே பெயர் வைத்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இனி பகிர்வது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், வில்லை எண்ணும் பில் எழுத்தும் மங்கும். ஆதாரமாக அனுப்பும் படத்தை 'டாகுமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள், எடுத்தபடியே போகும். வருகிற பக்கம் தானாக இறங்குவதை நிறுத்தி வையுங்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் வந்தபோது எத்தனை போன் ஒரே வீடியோவால் நிறைந்தது என்று நினைத்துப் பாருங்கள்! கூகுள் போட்டோஸில் ஆல்பம் பகிரும்போது ஆளைப் பார்த்து, அவர் ஜிமெயிலுக்கு மட்டும் கொடுங்கள். லிங்க் எடுத்துக் கொடுத்தால் அது யார் கைக்குப் போனாலும் திறக்கும். ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் இருக்கிறது, பல இடங்களில் அது போதும்.

கடன் ஆப் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஐந்து நிமிடத்தில் கடன் என்று வரும் சில ஆப்கள் நம் படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் படத்தை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டிய கொடுமை நாடெங்கும் நடந்திருக்கிறது. கடன் ஆப்கள் போனில் உள்ள கோப்பு, படம், தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேலரிக்கு அனுமதி கேட்கிற கடன் ஆப் என்றால் உடனே அழித்துவிடுங்கள். மிரட்டல் வந்தால் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930-க்கு அழையுங்கள், குழுவிலும் சொல்லுங்கள். தப்பு செய்தது நாம் இல்லை.

கடைசியாக, டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய ஸ்டூடியோ படங்கள். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டத்தின் கீழ் மின்படி எடுத்திருக்கிறது. நம் வீட்டுப் படத்தைத் தேடி யாரும் வரமாட்டார்கள், நாமேதான் எடுக்க வேண்டும். வெயில் நேராக விழாத திண்ணையில் படத்தை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுத்தால் போதும். எடுத்த கையோடு படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று அப்பத்தாவிடம் கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.