தாய் ஷான்: படிகளின் மலை

சீனத்தின் கிழக்கே, ஷாண்டோங் மாநிலத்தில், தாய் ஷான் என்றொரு மலை உண்டு. 'ஷான்' என்றால் சீன மொழியில் மலை. அதன் முன்னுள்ள 'தாய்' நம் தமிழ்த் தாய் அன்று. பெருமையும் அமைதியும் உடையது என்பது அதன் பொருள். ஆயினும் அம்மலையுச்சியில் குடிகொண்ட பெண் தெய்வத்தைச் சீனத்துப் பெண்கள் 'தாய் ஷான் பாட்டி' என்றே அழைக்கின்றனர் என்று அறியும்போது, அந்த ஒலி ஒற்றுமை நமக்குப் புன்னகையை வரவழைக்கிறது.

உயரத்தில் இது பெரிய மலையன்று. 2007-ஆம் ஆண்டு சீன அரசு அளந்து அறிவித்த கணக்கின்படி 1532.7 மீட்டர்தான். ஆனால் சமவெளியிலிருந்து திடீரெனக் கிளம்பி நிற்பதால் பார்ப்பவர் கண்ணுக்கு அது இரட்டிப்பு உயரமாகத் தோன்றும். சூரியன் உதிக்கும் கிழக்குத் திசையின் மலை என்பதால், பிறப்பும் இறப்பும் இங்கே தீர்மானிக்கப்படுவதாகப் பண்டைச் சீனர் நம்பினர். 1987-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இயற்கை அழகுக்காகவும் பண்பாட்டுச் சிறப்புக்காகவும் ஒருசேர அந்தத் தகுதி அளிக்கப்பட்டது.

மலையடிவாரத்து நகரின் பெயர் தாய்ஆன். பீஜிங்கிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். நம்மவருக்கு உணவு பற்றிய கவலை எழுவது இயல்பே. இந்நகரில் ஹூய் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். பழைய பள்ளிவாசலும் உண்டு. 'சிங்சென்' என்ற சீனச் சொல்லைக் கடைப் பலகையில் அடையாளம் கண்டுகொண்டால் போதும். தூய்மையும் உண்மையும் என்று பொருள்படும் அச்சொல்லே அங்கு ஹலாலைக் குறிப்பது. பெரும்பாலும் அரபி எழுத்தும் அருகில் இருக்கும். வயிற்றை அங்கேயே கவனித்துக்கொண்டு மலையேறுவது நலம்.

தாய் ஷானில் ஏறுவதென்பது படியேறுவதுதான். சிவப்பு வாயில் என்னும் இடத்திலிருந்து உச்சி வரை கல்லில் செதுக்கிய படிகள் ஏறத்தாழ 6600 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஏழாயிரத்துக்கு மேல் என்பாரும் உளர். தொடங்கும் இடத்தைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். நடுத்தர வயதுடையவர் நின்று நிதானித்து ஏறினால் ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும்.

சிவப்பு வாயிலிலேயே இம்மலையின் இயல்பு உங்களுக்குப் புலப்பட்டுவிடும். வாயிலின் மேற்குப் பக்கம் தாவோ சமயத்தாரின் கோயில். கிழக்குப் பக்கம் பௌத்தரின் மைத்ரேய புத்தர் கோயில். நடுவே மக்கள் ஏறிச் செல்லும் பாதை. சற்று மேலே சென்றால் தோமு மாளிகை. அது 1542-ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்ட தாவோ கோயில். பிற்காலத்தில் அதில் தங்கிப் பராமரித்தவர்களோ பௌத்தப் பெண் துறவிகள். ஒருவரையொருவர் மலையை விட்டுத் துரத்திய கதை இவ்விடங்களில் சொல்லப்படுவதில்லை.

பாதையை விட்டுச் சிறிது விலகினால் ஒரு நீரோடைப் பள்ளத்தாக்கு. அங்கே சரிந்து கிடக்கும் பெரும்பாறையின் மீது, ஆறாம் நூற்றாண்டில், பௌத்தரின் வச்சிர சூத்திரத்தைச் செதுக்கத் தொடங்கினர். ஒவ்வோர் எழுத்தும் அரை மீட்டர் அளவு. வெயிலும் வெள்ளமும் தின்றது போக ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகள் எஞ்சியிருக்கின்றன. சில எழுத்துகளுக்கு வெளிக்கோடு மட்டும் வரையப்பட்டு உளி படாமலே கிடக்கிறது. வேலை ஏன் பாதியில் நின்றது? செதுக்கியவர் யார்? பாறையில் அவர் பெயர் இல்லை.

மலையின் பாதி உயரத்தில் நடு விண்வாயில். பேருந்தில் வருவோர் இங்கே வந்திறங்குவர். அதற்கு மேலே, கி.மு. 219-இல் முதற் பேரரசர் சின் ஷி ஹுவாங் மழைக்கு ஒதுங்கியதாகச் சொல்லப்படும் பைன் மரம். நனையாமல் காத்த நன்றிக்காக மரத்துக்கு அரசாங்கப் பதவியே அளித்தாராம்! அந்த மரம் என்றோ போயிற்று. இப்போது காண்பவை 1730-இல் நடப்பட்ட ஐந்தில் எஞ்சிய இரண்டு.

இனி வருவதுதான் பதினெட்டு வளைவுகள். ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் 1600-க்கும் மேற்பட்ட படிகள். நானூறு மீட்டர் உயர்வு. கீழிருந்து நோக்கினால், இரு பாறைகளுக்கிடையே ஏணி ஒன்றை வானத்தில் சார்த்தி வைத்தாற்போல் இருக்கும். பேச்சு நின்று, மூச்சின் ஒலி மட்டுமே கேட்கும் இடம் இது.

இங்கே நீங்கள் காணவேண்டியது கோயிலையோ கல்வெட்டையோ அன்று, சுமைகாரர்களை. காவுதடியின் இரு முனைகளிலும் பாரத்தைத் தொங்கவிட்டு, அதனைத் தோளில் தாங்கி ஏறும் அம்மனிதர்களின் சுமை ஐம்பது கிலோவுக்குக் குறையாது. நம்மைப் போல் அவர்கள் நேராக ஏறுவதில்லை. படியின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கும், மீண்டும் இடப்புறமும், நெசவுத் தறியின் நாடா போல் குறுக்காகச் சென்று ஏறுகின்றனர். திரும்பும் ஒவ்வொரு முனையிலும் தடியைத் தோள் மாற்றிக்கொள்கின்றனர். இதனால் நடக்கும் தூரம் மிகும். ஆயினும் தொங்கும் சுமை படியில் இடிக்காது. முழங்காலும் சற்றே இளைப்பாறும். வெறுங்கையோடு ஏறுவோர் இவர்களை முந்திச் செல்வர். பிறகு ஆங்காங்கே அமர்வர், படமெடுப்பர், தண்ணீர் குடிப்பர். தலைநிமிர்ந்து பார்த்தால் சுமைகாரர் மேலே போய்க்கொண்டிருப்பார். எழுத்தாளர் ஃபெங் ஜிசாய் இவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை சீனப் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றதால், இவர்களை அறியாத சீனச் சிறுவர் அரிது என்று சொல்லும் காலமும் இருந்தது.

உச்சியில் நீங்கள் பருகும் நீர், உண்ணும் காய்கறி, தங்கும் விடுதியின் சிமெண்டு, மணல் என அனைத்தும் நெடுங்காலம் இந்தத் தோள்களில்தான் ஏறின. தென் விண்வாயிலைக் கடந்து பிஷியா கோயிலை அடையும்போது அதன் கூரையை உற்றுப் பாருங்கள். மலைக்காற்று மண் ஓடுகளைப் பிய்த்தெறிந்துவிடும் என்பதால், முதன்மைக் கூடத்துக்குச் செம்பு ஓடும், பக்கக் கூடங்களுக்கு இரும்பு ஓடும் வேய்ந்திருக்கின்றனர். அத்தனை உலோகமும் மேலே வந்தது எப்படி என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். தாய் ஷான் பாட்டி எனப்படும் தெய்வத்தின் இடம் இதுவே. பிள்ளை வரம் வேண்டிச் சீனப் பெண்கள் வருவது இங்கேதான். நம் கொள்கை வேறு. எனினும் மகப்பேற்றுக்காக ஏங்கி ஏழாயிரம் படி ஏறிவந்த ஒரு பெண்ணின் முகத்தைக் கண்டால் எவர் உள்ளமும் இளகும்.

கோயிலுக்கு மேலே செங்குத்தான பாறையில் பொன்வண்ணம் பூசிய எழுத்துகள் மின்னும். தாங் வமிசத்துப் பேரரசர் ஷுவான்சோங் 726-ஆம் ஆண்டு பொறித்த நீண்ட கல்வெட்டு அது. விண்ணுக்கு நன்றி செலுத்தும் 'ஃபெங்' என்னும் பெருஞ்சடங்கை இம்மலையில் நிகழ்த்திய பேரரசர்கள் அறுவர் மட்டுமே. அவருள் இவர் ஒருவர். முன்னைய அரசர்கள் தம் வேண்டுதலைப் பச்சைக்கல் தகடுகளில் எழுதி மறைத்து வைத்தனர். ஏன் மறைத்தனர் என்று ஷுவான்சோங் வினவ, சாகாவரம் போன்ற சொந்த ஆசைகளைக் கேட்டதால் இருக்கலாம் என்று அறிஞர் ஒருவர் விடையிறுத்தார். 'நான் வேண்டுவது மக்களுக்காக. ஒளிக்க ஒன்றுமில்லை' என்ற கருத்தில் பேரரசர் தம் வேண்டுதலை ஊரறிய வெளிப்படுத்தினார். அதே பயணத்தில் அமைச்சர் ஒருவரின் மருமகன் ஒரேயடியாகப் பல படிகள் பதவி உயர்வு பெற்றாராம். காரணம் கேட்டபோது அவைக் கலைஞர் ஒருவர், 'எல்லாம் தாய் ஷானின் வல்லமை' என்று குத்தலாகச் சொன்னாராம். சீனர் மாமனாரைத் 'தாய் ஷான்' என்று குறிப்பிடுவதற்கு இக்கதையைத்தான் காரணம் காட்டுவர்!

725-ஆம் ஆண்டு, அதாவது ஹிஜ்ரி 107-இல், அச்சடங்கு முடிந்ததும் மலையடிவாரத்தில் கூடிய அரசவையில் இருந்த வெளிநாட்டாரின் பட்டியலைச் சீன வரலாற்று நூல் தருகிறது. ஜப்பானியர், கொரியர், இந்தியர் ஆகியோருடன் 'தாஷி' என்றொரு பெயரும் காணப்படுகிறது. தாஷி என்றால் அரபியர். டமாஸ்கஸில் கலீபா ஹிஷாம் இப்னு அப்துல் மலிக் ஆட்சி புரிந்த காலம் அது. ஃபெங் சடங்கைக் கடைசியாக நிகழ்த்தியவர் சோங் வமிசத்துச் சென்சோங், ஆண்டு 1008. அப்போதும் அரபுக் கப்பல் தலைவர் ஒருவர், தம் நாட்டுப் பொருள்களுடன் தாய் ஷானுக்கு வர இசைவு கேட்டுப் பெற்றார் என்று பதிவு உள்ளது. அச்செய்தி கடல்வழியே எவ்வளவு தூரம் பரவிற்று தெரியுமா? நம் சோழநாடு வரை! இராசராச சோழர் அனுப்பிய தூதுக்குழு, 1150 நாள் பயணத்துக்குப் பின் சீனத்தின் காண்டன் துறைமுகத்தை அடைந்து, 1015-இல் பேரரசரைக் கண்டது. சீனப் பேரரசர் மாமலையில் ஏறிச் சடங்கு செய்ததைக் கப்பல் வணிகர் வாயிலாகக் கேள்வியுற்றதாக அத்தூதர் கொணர்ந்த ஓலை கூறுகிறது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். ஷுவான்சோங், சென்சோங் இருவரும் அடிவாரக் குன்றொன்றில் நிலத்துக்கு நிகழ்த்திய சடங்கின்போது புதைத்த பச்சைக்கல் தகடுகள் 1931-இல் வெளிப்பட்டன. தோண்டியெடுத்தது தளபதி மா ஹோங்குயியின் படை. அவர் ஒரு ஹூய் முஸ்லிம். தகடுகள் அவருடனேயே அமெரிக்கா சென்றன. அவர் மறைந்த பின் குடும்பத்தார் 1971-இல் அவற்றை ஒப்படைக்க, இன்று அவை தைபே அருங்காட்சியகத்தில் உள்ளன.

உச்சியில் எழுத்தே இல்லாத கல்தூண் ஒன்று நிற்கிறது. சின் ஷி ஹுவாங் நட்டது என்று சிலரும், ஹான் பேரரசர் வூ நட்டது என்று சிலரும் இன்றளவும் வாதிடுகின்றனர். சூரியோதயம் காண இரவிலேயே ஏறுவோர் பலர். கோடையிலும் குளிர் நடுக்கும் என்பதால் கனத்த மேலங்கிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அக்கூட்டம் கூடுவதற்கு முன்பே பஜ்ரு நேரம் வந்துவிடும். கிப்லா அங்கே மேற்கு. உதயம் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிகழும்.

ஏற இயலாத முதியோருக்கு 1983 முதல் ரோப் கார் உண்டு. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மேல் நிலையத்துக்காக நிலவு காண் சிகரத்தின் ஒரு பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சீன அறிஞர்கள் பலர் அதனை எதிர்த்தனர். எதிர்ப்பு வென்றிருந்தால் எத்தனையோ பாட்டிமார் இம்மலையைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் போன பாறை திரும்ப வாராது என்பதும் மெய். சரக்கும் ரோப் காரில் ஏறத் தொடங்கியபின் சுமைகாரர் தொகை வெகுவாகக் குறைந்தது. 2024-இல் குப்பையைச் சுமந்திறக்க நாற்கால் இயந்திரம் ஒன்றைச் சோதித்தனர். 2025-இல் பயணிகளின் கால்களுக்கு விசையூட்டும் கருவிகள் வாடகைக்கு வந்தன. ஐம்பது கிலோவைத் தோளில் ஏற்றிப் பதினெட்டு வளைவுகளைக் கடக்க இளைஞர் முன்வருவது அரிது. தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவதைச் சுமைகாரர்களே விரும்புவதும் இல்லை. அதில் நாம் குறைகாண முடியுமா?

இறங்கும்போது கைத்தடி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது. வழியில் வெறுங்காவுதடியுடன் விரைந்து இறங்கும் ஒருவரைக் கண்டால், சற்று ஒதுங்கி வழிவிடுங்கள். அடுத்த சுமை அவருக்காகக் கீழே காத்திருக்கிறது.