கடைசியில் தொட வேண்டிய திருகு

ஓடித் தேய்ந்த லாரியில் ஸ்டியரிங் ஆடுகிறது என்றால், பட்டறையில் முதல் ஸ்பேனர் பெரும்பாலும் ஸ்டியரிங் பாக்ஸுக்குத்தான் போகிறது. பாக்ஸின் மூடியில் ஒரு திருகு இருக்கும், அதைப் பூட்டி வைக்க ஒரு லாக் நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, திருகைக் கொஞ்சம் முறுக்கி, மறுபடி பூட்டினால் ஆட்டம் குறைந்துவிடும். பத்து நிமிட வேலை, பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதனாலேயே இந்தத் திருகு ஆபத்தானது. பழைய லாரியின் ஸ்டியரிங் ஆட்டம் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. ஓட்டுநரின் கையிலிருந்து சாலைவரை நீளும் சங்கிலியின் பல கணுக்களில் சேர்ந்த சிறு சிறு இடைவெளிகளின் கூட்டுத்தொகை அது. அந்தக் கணுக்களையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை திருகைத் தொடக்கூடாது.

காரணம் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பழைய லாரிகளில் பரவலாகக் காணப்படும் பாக்ஸில் ஒரு மரைத் தண்டும், அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் ஒரு பெரிய நட்டும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பால்ரஸ் குண்டுகள் வரிசையாக உருண்டு ஓடும். நட்டின் வெளிப்புறப் பற்கள் டிராப் ஆர்ம் பொருத்தப்பட்ட தண்டின் பற்களோடு கோத்துக்கொள்ளும். வண்டி நேராகப் போகும் நடுநிலையில் இந்தப் பற்கள் மிக இறுக்கமாகவும், இருபுறமும் திரும்பத் திரும்பச் சற்றே தளர்வாகவும் அமையும்படி செய்திருப்பார்கள். வண்டி ஓடுவது பெரும்பாலும் நேராகத்தான், எனவே தேய்வதும் நடுப் பற்கள்தான். தேய்ந்த நடுவுக்கு ஏற்றபடி திருகை முறுக்கினால், தேயாத ஓரப் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கும். சமவெளியில் இது தெரியாது. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான், முழுக்க ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வர மறுக்கும். ஆட்டம் மறைந்த இடத்தில் பிடிப்பு வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டில் பிடிப்புதான் கொடியது.

மற்றக் கணுக்களின் பங்கு எவ்வளவு என்பதைச் சிறு கணக்கு ஒன்றே காட்டிவிடும். பாக்ஸின் பல் விகிதம் 20-க்கு 1 என்றும், டிராப் ஆர்மின் நீளம் 20 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். டிராப் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கின் இரு முனைகளிலும் உள்ள பால் ஜாயிண்டுகள் தலா அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் மொத்தம் 1 மி.மீ. இடைவெளி. டிராப் ஆர்ம் அதைக் கடக்க 0.3 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்ப வேண்டும். ஸ்டியரிங்கில் அது 20 மடங்காகி ஏறக்குறைய 6 டிகிரி ஆகிறது. 50 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் 2.5 செ.மீ. ஒரே ஒரு மில்லிமீட்டர் தேய்மானம், கையில் ஓர் அங்குல ஆட்டமாக வந்து சேர்கிறது. பாக்ஸைக் குற்றம் சொல்லுமுன் இந்தப் பெருக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் முறைக்குத் தேவை இரண்டு பேர், ஒரு ஜாக்கி, கொஞ்சம் பொறுமை. டயர்கள் தரையில் அழுந்தியிருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது ஆட்டுகிறார். மற்றவர் கீழே ஒவ்வொரு இணைப்பின்மீதும் விரலை வைத்துப் பார்க்கிறார். இணைப்பின் ஒருபக்கம் நகர்ந்து, மறுபக்கம் தாமதமாக நகர்ந்தால் ஆட்டம் அங்கே இருக்கிறது. பவர் ஸ்டியரிங் வண்டியானால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையேல் வால்வின் இயல்பான நகர்வே ஆட்டம்போலத் தோன்றி ஏமாற்றும். அடுத்து முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கடியில் தாங்கு கட்டை கொடுத்துவிட்டு, டயரின் மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். அசைந்தால், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் புஷ்ஷா, சக்கர பேரிங்கா என்ற கேள்வி வரும். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, அசைவு நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். டை ராடு மட்டும் இந்தத் தேடலில் நழுவிவிடக்கூடியது. டிராக் லிங்க் வலது சக்கரத்தைத்தான் திருப்புகிறது. இடது சக்கரம் டை ராடு வழியாகவே பின்தொடர்கிறது. எனவே டை ராடு முனைகள் தேய்ந்தால் ஸ்டியரிங்கில் ஆட்டம் அதிகம் தெரியாது, வண்டி மட்டும் சாலையில் அலைபாயும், டயர் ஒழுங்கில்லாமல் தேயும்.

பலரும் எண்ணிப் பார்க்காத இடம் ஸ்பிரிங் பட்டை. டிராக் லிங்க் ஆக்சிலுக்கு முன்பின்னாக நீண்டு கிடப்பதால், ஆக்சில் முன்பின் நகர்ந்தாலே சக்கரம் திரும்பிவிடும். யு-போல்ட் தளர்ந்திருந்தாலோ, சென்டர் போல்ட் முறிந்திருந்தாலோ, ஷேக்கிள் பின் தேய்ந்திருந்தாலோ, பிரேக் அடிக்கும்போது ஆக்சில் சில மில்லிமீட்டர் நகரும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்திருந்தும் வண்டி ஒருபக்கம் இழுக்கும். இதைப் பாக்ஸின் குறை என்று நினைத்து முறுக்கினால் எந்தப் பயனும் இல்லை.

புதுப் பாக்ஸே போட்டும் ஆட்டம் போகவில்லை என்ற புலம்பலுக்கும் விளக்கம் உண்டு. டிராக் லிங்கின் நீளம் மாறிப்போயிருக்கும். வண்டி நேராகப் போகையில் ஸ்டியரிங் கோணலாக நிற்பதைப் பார்த்து, யாரோ ஸ்டியரிங்கை மட்டும் கழற்றி நேராக மாட்டியிருப்பார்கள். பார்வைக்குச் சரி. ஆனால் பாக்ஸ் தன் நடுநிலையில் இல்லை. தளர்வாகவே செய்யப்பட்ட ஓரப் பற்களில் அது காலமெல்லாம் ஓடுகிறது. டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகச் சுற்றி எண்ணி, சரிபாதியில் நிறுத்த வேண்டும். முன்சக்கரங்களை நேராக வைத்து, அந்த நிலைக்கு டிராக் லிங்கின் நீளத்தைப் பொருத்த வேண்டும். செலவில்லாத இந்த ஒரு வேலை, புதுப் பாக்ஸின் விலையையே மிச்சப்படுத்தக்கூடும்.

பழைய வண்டியில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், சட்டமே அனுமதிக்கிறதே என்பார்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி, ஸ்டியரிங்கில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் கூடாது என்கிறது. 50 செ.மீ. ஸ்டியரிங்கில் அது விளிம்பில் 13 செ.மீ. அமெரிக்கச் சரக்கு வாகன விதியோ, பவர் உதவி இல்லாத ஏறத்தாழ அதே அளவு ஸ்டியரிங்குக்கு 6.4 செ.மீ. வரைதான் இடம் தருகிறது. நம் விதி சொல்வது கடைசி எல்லை, அதுவரை போகலாம் என்ற அனுமதி அல்ல. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், அந்த 13 செ.மீ. வெற்றிடத்தைக் கை கடக்கக் கால் நொடி ஆனால்கூட, லாரி 4 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அதே 98-ஆம் விதி பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி வேண்டும், போல்ட்டுகளும் பின்களும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. டிகிரியைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டுநருக்குப் பழகிவிட்டது என்ற வாதமும் நிற்காது. ஆட்டம் மெல்ல மெல்லக் கூடும்போது கையும் அதோடு சேர்ந்தே பழகிக்கொள்கிறது, ஆகவே தினமும் ஓட்டுபவரின் கைதான் இதை அளக்க மிகவும் தகுதி குறைந்த கருவி. எல்லாவற்றையும் மாற்றப் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் இந்தத் தேடலே தேய்ந்ததை மட்டும் மாற்றுவதற்காகத்தான்.

மாற்றும்போது சில விஷயங்களில் தளர்வு கூடாது. தேய்ந்த பால் ஜாயிண்டைச் சுத்தியலால் தட்டி இறுக்குவதும், டிராப் ஆர்மில் வெல்டிங் வைப்பதும் உயிரோடு விளையாடுவது. காட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். துளை ஒத்துவராவிட்டால் நட்டை இன்னும் இறுக்கிப் பொருத்த வேண்டும், தளர்த்தக்கூடாது. கிங் பின்னுக்கு ஆக்சிலைத் தூக்கிவைத்துக் கிரீஸ் அடித்தால்தான் எடை தாங்கும் பரப்புவரை அது போய்ச் சேரும். கிங் பின்னோ டை ராடோ மாற்றினால் அலைன்மென்ட் பார்த்தே தீர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஆட்டம் மிச்சம் இருந்தால், திருகின் முறை வருகிறது. டிராக் லிங்கைக் கழற்றி, பாக்ஸை நடுநிலையில் நிறுத்தி, லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சிறுகச் சிறுக முறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கை இரு கோடிகளுக்கும் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது பிடித்தால் திருகைப் பின்வாங்கிவிட வேண்டும். பின்வாங்கிய பிறகு நடுவில் ஆட்டம் மிஞ்சினால் பற்கள் தேய்ந்துவிட்டன, பாக்ஸைக் கழற்றிப் பிரிக்க வேண்டியதுதான்.