சேணத்தின் கீழ் மறையும் கம்பளி

நெய்த துணியைப் பற்றி நல்லதும் பொல்லாததும் எடுத்துச் சொல்ல வாங்குவோர் பலர் உளர். சேலை வாங்கியவர் சாயம் போயிற்று என்பார். துண்டு வாங்கியவர் நீர் உறிஞ்சவில்லை என்பார். போர்வை வாங்கியவர் இழை விலகிவிட்டது என்பார். அவர்கள் வாய் திறந்து சொல்வதனால் நெசவாளர் தம் குறையை அறிந்து திருத்திக் கொள்கின்றனர். ஆனால் குறை சொல்லத் தெரியாத வாடிக்கையாளன் ஒருவனும் உண்டு. அவனே குதிரை. சேணத்துக்கும் அதன் முதுகுக்கும் இடையே விரிக்கப்படும் கம்பளி எத்தகையது என்பதைப் புண்ணாகியும் வீங்கியும் காட்ட வல்லதேயன்றி, வாயால் அது உரைக்க மாட்டாது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வழங்கும் சேணத்துக்கு உரிய மெத்தையைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம். நமக்குத் தொலைவான பொருள்போல் இது தோன்றலாம். எனினும் தறியில் உட்காருபவருக்கும் ஆடு வளர்ப்பவருக்கும் இதில் அறியத்தக்கது மிகுதியாக உண்டு.

மேற்கத்தியச் சேணத்தின் அமைப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் புறத்தில் மாடு மேய்ப்போர் பொழுதெல்லாம் குதிரைமீது இருந்தே தொழில் செய்வது வழக்கம். கயிற்றை வீசி மாட்டைப் பிடிப்பர். கயிற்றின் மறுமுனையைச் சேணத்தின் முன்புறமுள்ள கொம்பில் சுற்றி, மாட்டை இழுத்து நிறுத்துவர். இத்தகைய இழுப்பைத் தாங்குவதற்காக அச்சேணம் உறுதியான சட்டத்தின்மேல் அமைக்கப்படுகிறது. மரத்தாலான சட்டமே தொன்றுதொட்டு வந்தது. சட்டத்தின் அடியிலுள்ள நீண்ட பலகைகள் இரண்டும் குதிரையின் முதுகெலும்புக்கு இருபுறமும் படிந்து பாரத்தைத் தாங்குகின்றன. சேணம் மட்டுமே பெரும்பாலும் 25 முதல் 40 ராத்தல் வரை எடையுள்ளது. அதன்மேல் ஆளின் எடையும் சேரும்.

இந்தப் பாரம் முழுவதும் உயிருள்ள முதுகின்மேல் அசைந்து கொண்டே இருக்கிறது. அசைவினால் உராய்வு உண்டாகும். உழைப்பினால் வியர்வை பெருகும். ஓட்டத்தினால் அதிர்ச்சி விளையும். இம்மூன்றையும் தணிப்பதே மெத்தையின் கடமை. மேலும், வியர்வை ஏறிச் சேணத்தின் அடித்தோல் கெடாமல் காப்பதும் அதுவே.

மெத்தையால் ஆகாத காரியம்

முதன்முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பொருந்தாத சேணத்தை எந்த மெத்தையும் பொருந்தச் செய்யாது. சேணம் குறுகலாக இருந்து முதுகை நெருக்குமானால், இன்னும் ஒரு மெத்தையை அடியில் வைத்துத் துன்பத்தைத் தணிக்கலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். இறுகிய செருப்பினுள் இரண்டாவது காலுறை அணிவதற்கு இது ஒப்பாகும். நெருக்கம் குறைவதற்கு மாறாக மிகும். எனவே சேணத்தை முதலில் மெத்தையின்றி முதுகின்மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும். அடிப்பலகைகள் ஒரே சீராகப் படிகின்றனவா, முன்னும் பின்னும் மட்டும் தொட்டு நடுவில் தொங்குகின்றனவா என்பதைக் கையை நுழைத்து அறியலாம். சேணம் பொருந்திய பின்னரே மெத்தையைப் பற்றிய பேச்சு எழ வேண்டும்.

கனமும் இவ்வாறே. முக்கால் அங்குலக் கனமுள்ள மெத்தை பொதுவான சவாரிக்கு ஏற்றது. கயிறு வீசி மாடு பிடிக்கும் தொழிலில் திடீரென இழுப்பு விழுவதால் ஓர் அங்குலக் கனத்தை விரும்புவோர் உளர். உருண்டு பரந்த முதுகுள்ள குதிரைக்கு மிகக் கனத்த மெத்தை இட்டால் சேணம் நிலைகொள்ளாது உருளும்; அதை நிறுத்த வாரை மேலும் இறுக்க நேரும். கனம் மிகுந்தால் நன்மையும் மிகும் என்று கருதுவது பிழை.

கம்பளியா, செயற்கை இழையா?

இன்று கடைகளில் பலவகை மெத்தைகள் விற்பனையாகின்றன. ஆட்டு மயிரை ஈரத்தாலும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகச் செய்த கம்பளி நமுதா ஒருவகை. தறியில் நெய்த கம்பளம் மற்றொரு வகை. பருத்தியால் ஆனவை, செயற்கைப் பஞ்சு அடைத்தவை, நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் அடிப்புறம் அமைந்தவை ஆகியவையும் உண்டு.

இவற்றுள் கம்பளிக்கு நெடுங்காலமாக முதலிடம் இருந்து வருகிறது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. கம்பளி இழை தன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு ஈரத்தை ஏற்றுக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. அவ்விழை இயல்பாகவே நெளிவுடையது. ஆதலால் அழுத்தம் நீங்கியவுடன் மீண்டும் எழுந்து நிற்கும். இழைகளின் இடையே காற்று புகுந்து செல்வதால் சூடும் ஓரளவு வெளியேறும். நியோப்ரீன் வழுக்காமல் பற்றிக்கொள்ளும். நீரில் அலசினால் எளிதில் தூய்மையாகும். ஆயினும் அது வியர்வையை உறிஞ்சாது. வெப்பத்தையும் உள்ளேயே தேக்கிவிடும். கோடையில் நெடுந்தூரம் செல்லும் குதிரைக்கு இது தொல்லையாக முடியலாம். சிறிது நேரச் சவாரிக்கும், ஒரே மெத்தையை அடிக்கடி கழுவ வேண்டியவருக்கும் அது உதவக் கூடும்.

நமுதாவிலும் தரவேற்றுமை உண்டு. புதுக் கம்பளியால் மட்டும் ஆனதும், கழிவுக் கம்பளியும் செயற்கை இழையும் கலந்ததும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பார்த்தால் வேற்றுமை புலப்படும். நல்ல நமுதா அழுந்திக்கொடுத்து உடனே நிமிரும். மட்டமானது விரல்கள் ஒன்றையொன்று உணருமளவு நசுங்கும். அல்லது பலகைபோல் சிறிதும் அசையாது.

நாவஹோ மக்களின் சேணக் கம்பளம்

தறியில் நெய்த சேணக் கம்பளத்துக்குப் புகழ் தேடித் தந்தவர்கள் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மாநிலங்களில் வாழும் நாவஹோ என்னும் பழங்குடி மக்கள். குதிரையும் செம்மறியாடும் ஸ்பானியர் வழியாக அந்நிலத்துக்கு வந்தவை. நெசவை அவர்கள் அண்டையிலிருந்த புவெப்லோ மக்களிடம் கற்றனர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். நாவஹோ மரபோ, சிலந்திப் பெண் என்னும் தெய்வமே நெசவைக் கற்பித்தாள் என்று போற்றுகிறது. அங்கே நெசவு பெரும்பாலும் பெண்களின் தொழில். நிமிர்த்தி நாட்டிய தறியில் பாவை மேலிருந்து கீழாகக் கட்டி, ஊடையைக் கையால் கோத்து, மரச் சீப்பால் இறுக அடிப்பர். பாவு வெளியே தெரியாதவாறு ஊடை மூடிவிடும். பாவு நூலை வெட்டாமலே நெய்து முடிப்பதால் நான்கு புறமும் கரை அமைந்துவிடுகிறது. பிரிந்து போகும் ஓரம் என்பதே இல்லை.

சேணக் கம்பளம் இருவகைப்படும். ஏறத்தாழ 30 அங்குலச் சதுரம் ஒன்று. 30 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் கொண்டு இரண்டாக மடித்து விரிப்பது மற்றொன்று. இவற்றுள் பல ட்வில் என்னும் சாய்வரி நெசவில் அமைந்தவை. சாதாரண நெசவைவிட அது தடிப்பும் மென்மையும் உடையது. இன்னொரு சிறப்பையும் நெசவாளர் கவனிக்க வேண்டும். பல கம்பளங்களில் நடுப்பகுதி வெறுமையாகவோ எளிய பட்டைகளோடோ இருக்கும். ஓவிய வேலை எல்லாம் மூலைகளிலும் ஓரங்களிலுமே காணப்படும். நடுப்பகுதியைச் சேணம் மறைத்துவிடும் அல்லவா? ஆனால் அந்த மறைந்த நடுப்பகுதியே பாரத்தைச் சுமக்கிறது. அங்கே அழகு வேண்டியதில்லை, நேர்மை வேண்டும்.

ராத்தல் கணக்கால் விளைந்த கேடு

அந்த நேர்மைக்கு ஒரு சோதனை நேர்ந்தது. 1863, 1864 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படையினர் நாவஹோ மக்களின் மந்தைகளையும் பயிர்களையும் அழித்து, அம்மக்களை நெடுந்தூரம் நடத்திச் சென்று போஸ்கே ரெடோண்டோ என்னுமிடத்தில் அடைத்தனர். 1868 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படியே அவர்கள் தாயகம் திரும்பினர். செம்மறிகளும் வெள்ளாடுகளுமாக 15,000 தலைகளை வாங்கித் தரவும் அவ்வுடன்படிக்கை இடம் செய்தது. மீண்டும் மந்தை பெருகியது. வணிக நிலையங்கள் தோன்றின. கம்பளங்களுக்கு வெளியூர்ச் சந்தையும் கிடைத்தது.

அக்காலத்தில் வணிகர் பலர் கம்பளத்தைத் தராசில் நிறுத்து ராத்தலுக்கு இவ்வளவு என விலை கொடுத்தனர். விளைவு யாது? நுண்ணிதாக நூற்று இறுக நெய்தவளுக்கும், தடித்த நூலால் தளர நெய்தவளுக்கும் ஒரே விலை. ஆகவே கம்பளியைக் கழுவாமலும், எண்ணெய்ப் பசையும் மண்ணும் நீக்காமலும் நூற்று நெய்யும் வழக்கம் பரவியது. அழுக்கும் தராசில் ஏறிக் காசாயிற்று. இதற்கு நெய்தவரை மட்டும் பழிப்பது நீதியன்று. விலை கணித்த முறையே கேட்டுக்கு வித்திட்டது. மண் கலந்த தளர்ந்த கம்பளம் குதிரையின் முதுகில் என்ன செய்யும் என்பதை விரிக்க வேண்டியதில்லை.

இம்முறையின் தீமையை உணர்ந்த வணிகரும் இருந்தனர். கனாடோவில் கடை நடத்திய ஜான் லொரென்ஸோ ஹப்பெல் நெசவின் தரத்தை வற்புறுத்தினார். கிறிஸ்டல் என்னுமிடத்தில் இருந்த ஜே. பி. மூர் கம்பளியைக் கிழக்கு நகரங்களுக்கு அனுப்பித் தூய்மை செய்வித்து நெசவாளருக்குக் கொடுத்தார். 1911 இல் விலைப்பட்டியல் நூல் வெளியிட்டு அஞ்சல் வழியே விற்றார். 1941 இல் நாவஹோ மக்களுக்கெனக் கைத்தொழில் சங்கமும் ஏற்பட்டது. தரத்துக்கு விலை கிடைத்த இடத்தில் தரம் வளர்ந்தது என்பதே இவற்றால் பெறும் பாடம்.

ஆடு வளர்ப்போரும் ஒன்று அறிய வேண்டும். நாவஹோ மக்களின் சுர்ரோ ஆட்டுக்கு நீண்ட முரட்டு மேல்மயிரும் மெல்லிய உள்மயிரும் உண்டு. அதில் எண்ணெய்ப் பசை குறைவு. ஆகையால் நீர் அரிதான நாட்டிலும் சிறிது நீரால் தூய்மை செய்யலாம். உழைப்பைத் தாங்கும் கம்பளத்துக்கு இதுவே ஏற்றது. ஆனால் அதிகாரிகள் இதை இழிந்த இனம் என எண்ணினர். 1930 களில் மேய்ச்சல் நிலத்தைக் காக்கும் பொருட்டு அரசு மந்தைகளைக் குறைத்தபோது இவ்வினம் அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1977 இல் லைல் மெக்நீல் தொடங்கிய முயற்சியால் அது மீண்டும் பெருகலாயிற்று. மென்மையே உயர்வு என்ற ஒரே அளவுகோலால் எல்லாக் கம்பளியையும் அளப்பது எத்துணைத் தவறு என்பதற்கு இது சான்று.

வாங்கும்பொழுது கவனிக்க வேண்டியவை

வடிவத்தை முதலில் நோக்குக. குதிரையின் கழுத்து முடிந்து முதுகு தொடங்குமிடத்தில் எலும்பு மேடு ஒன்று உண்டு. மெத்தை அதன்மேல் இறுகப் படியலாகாது. முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்து வெட்டியதும், மேட்டுக்கு இடம் விட்டதுமான மெத்தை நன்று. சேணம் பூட்டும்போது மெத்தையின் நடுவை மேலே தூக்கிச் சேணத்தின் இடைவெளிக்குள் செலுத்த வேண்டும். அவ்வாறு செய்தால் முதுகெலும்பின் மேல் காற்று புகும்.

அளவு அடுத்தது. சேணத்தின் விளிம்புக்கு வெளியே எல்லாப் புறமும் சிறிதளவு மெத்தை தெரிய வேண்டும். சேணத்தின் ஓரமும் மெத்தையின் ஓரமும் ஒரே கோட்டில் விழுந்தால் அங்கே அழுத்தம் கூடும். 30 முதல் 32 அங்குலச் சதுரம் பெரும்பாலான சேணங்களுக்குப் போதும்.

மூன்றாவதாக, புரட்டிப் பார்க்க மறவாதீர். மேற்புறத்து வண்ணத்தில் மயங்கி வாங்குவோரே மிகுதி. அடிப்புறத்தில் முடிச்சோ, தடித்த தையலோ, மடிப்போ இருந்தால் அது முதுகைக் கடிக்கும். அழகுக் கம்பளத்தை மேலேயும், நல்ல நமுதாவை அடியிலும் இட்டுப் பயன்படுத்துவோர் பலர். அது தக்க முறையே. நாவஹோ வேலைப்பாடு என்ற பெயரால் எந்திரத்தில் நெய்த போலிகளும் விற்கப்படுகின்றன. பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகக் கூறி விற்பதை அமெரிக்காவின் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது.

முதுகே தரும் தீர்ப்பு

மெத்தையின் தகுதியைச் சவாரி முடிந்தபின் குதிரையின் முதுகிலேயே காணலாம். சேணத்தை எடுத்ததும் வியர்வையின் சுவடு இருபுறமும் ஒரே சீராகத் தெரிந்தால் நன்று. நனைந்த பரப்பின் நடுவே சிறு உலர்ந்த திட்டு காணப்பட்டால், அவ்விடத்தில் அழுத்தம் மிகுந்தது என ஐயுற வேண்டும். மயிர் சுழன்று கலைந்திருந்தால் மெத்தை நழுவுகிறது. நாளடைவில் வெள்ளை மயிர் முளைத்தால், அழுத்தத்தால் தோல் முன்னரே ஊறுபட்டுவிட்டது என்பது பொருள். கையால் தடவும்போது குதிரை முதுகை நெளித்து விலகுமாயின் அதுவும் ஒரு முறையீடே.

மெத்தையை நாள்தோறும் உலர்த்தி, மயிரையும் உப்பையும் துலக்கி எடுக்க வேண்டும். கம்பளியைக் கொதிநீரில் இடலாகாது. குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துக. ஒரு குதிரையின் மெத்தையை மற்றொன்றுக்கு இடாதிருந்தால் தோல்நோய் பரவாது. அமுங்கிய இடம் மீண்டும் எழாதபோது, அம்மெத்தையின் ஆயுள் முடிந்தது என்று கொள்க.

எடையைப் பார்த்து வாங்கியவர் ஒரு காலத்தில் ஏமாந்தனர். வண்ணத்தைப் பார்த்து வாங்குவோர் இன்று ஏமாறுகின்றனர். சேணத்தின் கீழ் மறைவது கண்ணுக்குத் தெரியாது என்று நூலில் குறை வைத்தால், அதன் பலனை வாயில்லா உயிர் ஒன்று சுமக்கிறது. நாம் நெய்யும் துணியிலும் மறையும் பக்கம் ஒன்று உண்டு. அப்பக்கத்தைச் செம்மையாக நெய்வது நெசவாளரின் கடமை. அதற்கு உரிய விலை கொடுப்பது வாங்குவோரின் கடமை. இவ்விரண்டும் தவறாது நிற்கும்படி பார்த்துக் கொள்வதே சங்கத்தின் பணியாகும்.